அடுப்பை அளந்தவர்களும் அடுப்பூதியவர்களும்

பொறியியலில் பாலினப் பார்வை என்ற பேச்சு எழுந்தவுடன், நம் கல்விப்புலங்களில் அது எண்ணிக்கைக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. எந்திரவியல் துறையில் எத்தனை மாணவியர், ஆய்வகத் தலைமையில் எத்தனை பெண்கள் என்று கேட்டு முடித்துவிடுகிறோம். இக்கணக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனினும் அதற்கு முன்பே கேட்கவேண்டிய வரலாற்றுக் கேள்வி ஒன்று உண்டு. ஒரு கருவி நன்றாக இயங்குகிறது என்பதை யார், எந்த அளவுகோலைக் கொண்டு முடிவு செய்தார்கள்? அந்த அளவுகோலில் யாருடைய உழைப்பும் உடலும் இடம்பெற்றன, எவருடையவை விடுபட்டன? இக்கேள்விக்கு விடைதேட, இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றில் புகையில்லா அடுப்பைவிடப் பொருத்தமான பொருள் வேறு இல்லை என்பது என் எண்ணம். அணைகளைப் பற்றியும் உருக்காலைகளைப் பற்றியும் அடுக்கடுக்காக எழுதியிருக்கிறோம். பொறியாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் திருத்த முயன்ற இந்த மண்பொருளைப் பற்றி வரலாற்றுத் துறையில் எழுதப்பட்டவை மிகக் குறைவு.

அந்த முயற்சியின் தொடக்கக் கண்ணிகளுள் ஒன்று வார்தாவின் மகன்வாடியில் இருக்கிறது. 1934 இறுதியில் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அச்சங்கத்தின் கைவினைச் சோதனைகளில் உருவானதே புகைபோக்கி பொருத்திய 'மகன் சூல்ஹா'. சூல்ஹா என்பது வடபுலத்தில் அடுப்புக்கு வழங்கும் பெயர். மகன்வாடியும் இவ்வடுப்பும் மகன்லால் காந்தியின் பெயரைத் தாங்கியவை. இன்று நாம் 'நிலைத்தன்மை' என்று சொல்லும் கருத்துக்கு 1945-லேயே 'நிலைத்த பொருளாதாரம்' என்ற நூலால் அடித்தளமிட்டவர் குமரப்பா. அந்நூலில் பொருளாதார முறைகளை அவர் படிநிலைப்படுத்துகிறார். உச்சியில் நிற்பது கைம்மாறு கருதாத சேவைப் பொருளாதாரம். அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு தாய். உயர்ந்த கருத்துதான். ஆனால் இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல் ஏற்படுவதுண்டு. தாயின் உழைப்பை அறத்தின் உச்சியில் ஏற்றிவைத்த பிறகு, அவ்வுழைப்பு எத்தனை மணி நேரம், எத்தனை கலோரி, எவ்வளவு புகை என்று கணக்குக் கேட்பது கடினமாகிவிடுகிறது. அந்தக் கணக்கு பின்னர் வேறொரு மரபிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

அடுத்த கண்ணி ஹைதராபாத். அங்கிருந்த பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ். பி. ராஜு வடிவமைத்த அடுப்பு, அக்கூடத்தின் ஆங்கில முதலெழுத்துகளால் 'ஹெர்ல் சூல்ஹா' எனப்பட்டது. கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறை என்ற பொருள்படும் தலைப்பில் அவர் 1953-இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் எழுதினார். அந்நூலில் முதன்மை பெறுவது சமைப்பவரின் நலன். கண்ணெரிச்சல், கரி, வெக்கை ஆகியவற்றிலிருந்து இல்லத்தரசியை விடுவிக்கவேண்டும் என்பதே அவருடைய வாதம். விறகுச் சிக்கனமும் உண்டு. ஆனால் அது துணைக் காரணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் அடுத்த கால் நூற்றாண்டில் இவ்வரிசை தலைகீழாகிறது.

இதே காலத்தில் பொறியாளர்களின் பார்வைக்கு வெளியே மருத்துவத்தில் ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் இந்தியா வந்து, நாட்டின் முதல் பெண் இதயநோய் வல்லுநராகப் புகழ்பெற்ற எஸ். பத்மாவதி, பதக் என்பவருடன் இணைந்து 1959-இல் தில்லியின் 127 நோயாளிகளைப் பற்றி 'சர்குலேஷன்' இதழில் எழுதினார். நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் பழுதாகும் நிலை பற்றிய ஆய்வு அது. மேலை நாடுகளில் இந்நோய் புகைபிடிக்கும் ஆண்களுடையது எனப் பாடநூல்கள் சொல்லிவந்தன. தில்லியிலோ புகைபிடிக்கும் வழக்கமே இல்லாத பெண்களும் ஆண்களுக்கு நிகரான அளவில் இந்நோயோடு வந்தார்கள். விறகும் வரட்டியும் எரியும் அடுப்பின் புகையைக் காரணமாக ஐயுற்றார் பத்மாவதி. கேள்வியைச் சரியாகக் கேட்ட ஆய்வு அது. ஆனால் பொறியியல் உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 14-ஆம் பிரிவில் தூசியையும் புகையையும் தொழிலாளி சுவாசிக்காதவாறு தடுக்கவேண்டும் என்று ஆலை நடத்துபவரைப் பணித்தது. சமையலறை அச்சட்டத்தின்படி பணியிடம் அன்று. ஆகவே அங்குள்ள புகைக்குப் பொறுப்பாளரும் இல்லை.

1970-களில் காட்சி மாறுகிறது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், எரிக் எக்ஹோம் 1975-இல் வெளியிட்ட சிற்றறிக்கை ஒன்று விறகுத் தட்டுப்பாட்டை 'மற்றோர் ஆற்றல் நெருக்கடி' என அறிவித்தது. ஏழை நாட்டுப் பெண்கள் சமைப்பதற்காகக் காட்டை வெட்டுகிறார்கள், காடு அழிகிறது, ஆகவே அடுப்பைத் திருத்துக என்ற வாய்பாடு உலகெங்கும் பரவியது. காடழிவின் பெரும்பங்கு வேளாண் விரிவாக்கத்தாலும் வணிக மரவெட்டாலும் நேர்ந்தது. ஊர்ப்புறப் பெண்கள் சேகரித்தது பெரும்பாலும் காய்ந்த சுள்ளியும் கிளையும். இது பிற்பாடு தெளிவாக நிறுவப்பட்டபோதும் அந்த வாய்பாட்டின் செல்வாக்கு குறையவில்லை. ராஜு புகையிலிருந்து தொடங்கினார். இப்போது தொடக்கப்புள்ளி மரம். அடுப்பின் தரத்தை அளக்கும் முதன்மை எண், ஒரு கிலோ விறகின் வெப்பத்தில் எத்தனை விழுக்காடு பானைக்குள் சென்றது என்பதாயிற்று.

இங்கே சற்று நின்று தொழில்நுட்பத்தைப் பார்க்கவேண்டும்; பாலினக் கேள்வி ஒளிந்திருப்பதே அங்குதான். ஆய்வகங்களில் கடைப்பிடிக்கப்பட்ட சோதனை நீர்க்கொதிப்புச் சோதனை. குறிப்பிட்ட அளவு நீர், உலர்ந்த, சீராக வெட்டிய விறகு, தட்டையான பாத்திரம். நீர் கொதிக்கும்வரை எரித்து, பிறகு மிதமாக வைத்து, செலவான விறகை நிறுத்துக் கணக்கிடுவார்கள். இதில் கிடைக்கும் மொத்தத் திறன் என்பது இரண்டு திறன்களின் பெருக்கற்பலன். விறகு எவ்வளவு முழுமையாக எரிகிறது என்பது ஒன்று. எரிந்த வெப்பம் எவ்வளவு பானையைச் சேர்கிறது என்பது மற்றொன்று. பானையைத் தீக்கு நெருக்கமாக இறக்கி, காற்று நுழையும் வழியைக் குறுக்கினால் இரண்டாவது கூடும். ஆனால் தீ குளிர்ந்து, காற்றுப் போதாமல், முதலாவது குறையும். எரியாத பங்கு கார்பன் மோனாக்சைடாகவும் நுண்துகளாகவும் வெளியேறும். பெருக்கற்பலன் உயர்ந்திருப்பதால் சோதனையில் அடுப்பு வெற்றிபெறும். அதே அடுப்பு பழைய அடுப்பைவிட அதிகமாகவும் புகையக்கூடும். விறகை மிச்சப்படுத்துவதும் மூச்சை மிச்சப்படுத்துவதும் ஒன்றோடொன்று மோதக்கூடிய இரண்டு நோக்கங்கள் என்ற உண்மையை ஒற்றை எண் மறைத்துவிட்டது.

நீரைக் கொதிக்கவைப்பது சமையல் ஆகாது என்பதையும் சொல்லவேண்டும். ரொட்டிக்குத் தோசைக்கல்லடியில் சீரான தீ வேண்டும். பின்னர் கல்லிலிருந்து எடுத்து அடுப்பின் வாய்க்கருகே தணலில் காட்டினால்தான் அது உப்பும். பாலுக்கு மணிக்கணக்கில் மென்சூடு வேண்டும். புதிய அடுப்பின் சிறிய வாய்க்குள் நுழைய விறகைச் சிறு துண்டுகளாகப் பிளக்கவேண்டும். பழைய அடுப்பிலோ நீண்ட கிளையை அப்படியே செருகி, எரிய எரிய உள்ளே தள்ளிக்கொள்ளலாம். பிளக்கும் உழைப்பு சோதனைத் தாளில் ஏறவில்லை. சோதனைக்கூடத்தில் விறகு ஏற்கெனவே வெட்டப்பட்டு வந்துவிடுகிறது! நம் ஊர்க் கொடியடுப்பை இவ்விடத்தில் நினைவுகூரலாம். முதன்மை அடுப்பின் மிகுவெப்பத்தை ஒரு துளை வழியே பக்கத்து அடுப்புக்குக் கடத்தி, சோறு கொதிக்கும்போதே குழம்பைச் சூடாக வைத்திருக்கும் ஏற்பாடு அது. பல பானை அடுப்பு என்று ஆய்வேடுகள் விவரிக்கும் கோட்பாடு பெண்களின் மண்பூசிய கைகளில் முன்பே இருந்தது. அடுப்புக் கட்டுவது நாட்டின் பல பகுதிகளில் பெண்களின் கைவினை. அதைக் கண்டுபிடிப்பு என்று ஒருவரும் பெயரிடவில்லை.

அளவுகோலை மாற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று பெங்களூரில் பிறந்தது. இந்திய அறிவியல் நிறுவனத்தில் அமுல்ய ரெட்டி 1974-இல் தொடங்கிய 'அஸ்த்ரா' குழு, தும்கூர் மாவட்டத்தின் பூரா என்ற சிற்றூரின் ஆற்றல் நுகர்வை வீடுவீடாக அளந்தது. அவ்வூரின் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு விறகிலிருந்து வந்தது. அக்கணக்கில் மனித உழைப்பையும் ஓர் ஆற்றல் மூலமாகச் சேர்த்ததே அக்குழுவின் துணிவு. அவ்வுழைப்பில் ஆண்களின் பங்கு 31 விழுக்காடு, பெண்களுடையது 53, குழந்தைகளுடையது 16. விறகு பொறுக்குவதையும் நீர் சுமப்பதையும் சமைப்பதையும் 'வேலை' எனச் சேர்த்தவுடன் கணக்கு இப்படி மாறியது. ஸ்ரீலதா பட்லிவாலா 1982-இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் எழுதிய கட்டுரையில் இத்தரவுகளைக் கொண்டு ஒரு புதிய கேள்வியை எழுப்பினார். ஏழைப் பெண்களின் ஊட்டக்குறைவைப் போக்க உணவை மிகுதியாக்க வேண்டும் என்றே எல்லோரும் சொல்கிறோம். அவர்களின் உடல் செலவழிக்கும் ஆற்றலைக் குறைப்பதைப் பற்றி ஏன் யோசிக்கவில்லை? அருகிலேயே எரிபொருளும் குடிநீரும் கிடைத்தால் அதுவும் ஊட்டச்சத்துத் திட்டமே. பொறியியலும் பெண்ணியமும் உண்மையாகவே சந்தித்த அபூர்வமான இடங்களுள் இதுவும் ஒன்று. இருந்தும் இக்கட்டுரை நம் ஆற்றல் பொறியியல் பாடத்திட்டங்களில் வாசிக்கப்படுவதில்லை. பெண்ணியக் கல்வித் துறையின் வாசிப்புப் பட்டியலுக்கு அது ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறது.

1980-ஐ ஒட்டி சண்டிகருக்கு அருகில் நடந்தது வேறு வகையான முயற்சி. சுக்னா ஏரியில் வண்டல் சேர்வதைத் தடுக்க, சிவாலிக் அடிவாரத்துச் சுகோமாஜ்ரி, நாடா ஆகிய ஊர்களில் மண்காப்புப் பணிகள் நடந்துவந்தன. அச்சூழலில் நாடாவுக்கு வந்தவர் கட்டடக் கலைஞரான மது சரீன். அவர் ஆயத்த வடிவம் எதையும் கொண்டுவரவில்லை. அவ்வூர்ப் பெண்களுடன் அமர்ந்து அடுப்பைக் கட்டி, சமைத்துப் பார்த்து, அவர்கள் குறை சொன்னதும் இடித்து, மறுபடி கட்டினார். அதில் உருவானதே 'நாடா சூல்ஹா': மண்ணாலானது, ஒன்றுக்கு மேற்பட்ட பானை வாய்கள், புகைபோக்கி. அதன் அளவுகள் நிலையானவை அல்ல. வீட்டிலுள்ள பாத்திரங்களின் அளவு, குடும்பத்தின் எண்ணிக்கை, கிடைக்கும் எரிபொருள், சமைப்பவர் அமரும் இடம் ஆகியவற்றைப் பார்த்துக் கட்டவேண்டும். ஆகவே சரீன் பரப்ப முனைந்தது அடுப்பை என்பதைவிட அடுப்புக் கட்டும் தேர்ச்சியை என்று சொல்வதே பொருந்தும். பெண்களை 'சூல்ஹா மிஸ்திரி'களாகப் பயிற்றுவித்தார். மிஸ்திரி என்ற ஆண்பாற் சாயல் படிந்த சொல் ஒரு பெண்ணுக்கு வழங்கப்பட்டதும், அவள் வீடுவீடாகச் சென்று அளவெடுத்துக் கூலி பெற்றதும், தொழில்நுட்ப வரலாற்றில் சிறு நிகழ்ச்சிகள் அல்ல.

பின்னர் அரசு வந்தது. 1983 இறுதியில் செயல்விளக்கமாகத் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நீடித்து, சுமார் 3.5 கோடி அடுப்புகளைக் கணக்கில் காட்டியது. நிலையான மண்ணடுப்புக்கு வெப்பத் திறன் குறைந்தது 20 விழுக்காடு, எடுத்துச்செல்லும் அடுப்புக்கு 25 விழுக்காடு என வரையறுக்கப்பட்டது. மானியம், மாநிலவாரி இலக்கு, கட்டிமுடித்த அடுப்புக்கு இவ்வளவு என்ற கூலி. இவ்வேற்பாட்டில் மிஸ்திரியின் வருவாய் கட்டுவதில் இருந்தது. அவ்வடுப்பு ஆறு மாதம் கழித்து எரிகிறதா என்பதில் இல்லை. நாடாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் மாறிய அளவுகள் இங்கே அச்சிட்ட வரைபடமாக உறைந்தன. புகைபோக்கி அடைத்துக்கொண்டால் துப்புரவு செய்ய வழியில்லாமல், வாய் சிறிதென்று இடித்துப் பெரிதாக்கி, கடைசியில் பழைய அடுப்பையே பக்கத்தில் மூட்டிக்கொண்ட கதை பல மாநிலங்களில் திரும்பத் திரும்பப் பதிவானது. சரீன் 1991-இல் எழுதிய கட்டுரையில் இலக்கும் மானியமும் சேர்ந்து பயனாளியின் குரலை எப்படி விழுங்கின என்று கசப்போடு விளக்குகிறார். இத்தனைக்கும் அத்திட்டத்தின் ஆவணங்களில் 'பெண்கள் நலன்' என்ற சொல் இடம்பெறாத பக்கம் அரிது.

பெண்கள் புதிய அடுப்பை ஏற்காததற்கு அறியாமையே காரணம் என்ற விளக்கம் அன்று அதிகாரிகளிடம் சாதாரணமாக இருந்தது. அதற்கு வலுவான மறுப்பை பீனா அகர்வால் 1983-இல் 'வேர்ல்ட் டெவலப்மென்ட்' இதழிலும், 1986-இல் தனிநூலாகவும் எழுதினார். அவருடைய தர்க்கம் எளிமையானது. அடுப்பால் நன்மை பெறுபவர் பெண். காசைச் செலவிடும் முடிவு ஆணிடம். விறகு விலைகொடுத்து வாங்கப்படாமல் பெண்ணின் நடையால் வீடு வந்துசேரும்வரை, அதில் மிச்சமாவது அவளுடைய நேரம் மட்டுமே. வீட்டின் கணக்கில் அந்நேரத்துக்கு விலை இல்லை. ஆகவே அடுப்பின் பரவல் வடிவமைப்புச் சிக்கல் என்ற எல்லைக்குள் அடங்காது. வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் உள்ள அதிகாரத்தின் சிக்கல் அது. 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்ற நம் பழமொழியில் அடங்கியிருப்பதும் இதே ஏற்பாடுதான்: ஊதுகுழல் அவள் கையில், தீர்மானம் வேறு இடத்தில்.

அதே 1983-இல் கர்க் ஸ்மித், அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்நல நிறுவனத்தின் அறிவியலாளர்களோடு சேர்ந்து குஜராத் கிராமங்களில் செய்த அளவீடு வெளியானது. மாதிரி எடுக்கும் கருவியைச் சமைக்கும் பெண்கள் மீதே பொருத்தினார்கள். சமைக்கும் வேளையில் அவர்கள் சுவாசித்த காற்றில் கனமீட்டருக்குச் சராசரியாக 7 மில்லிகிராம் அளவுக்குத் துகள் இருந்தது. நகரச் சாலையின் மாசை அதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. தில்லி மருத்துவமனையில் பத்மாவதி எழுப்பிய ஐயத்துக்கு எண் கிடைக்க 24 ஆண்டுகள் ஆயின. கருவி முன்பே இருந்தது. அதைச் சுரங்கத் தொழிலாளிக்குப் பொருத்துவதுபோல் சமையல் செய்பவருக்கும் பொருத்தலாம் என்ற எண்ணம் தோன்றத்தான் அத்தனை காலம்.

சூழல் காப்பு என்ற பெயரில் செய்யப்படுவது தானாகவே பெண்களுக்கு நன்மையாகிவிடாது என்பதற்கு 1990-களின் கூட்டுக் காடு மேலாண்மை தெளிவான சான்று. ஊர்க் குழுக்கள் காட்டைக் காக்கத் தொடங்கின, காடு தழைத்தது, அரசு பாராட்டியது. ஆனால் அருகிலிருந்த காட்டில் நுழையத் தடை வந்ததும் பெண்கள் அதே விறகுக்காக இன்னும் தொலைவு நடந்தார்கள், அல்லது சருகையும் வரட்டியையும் எரித்து மேலும் புகையை விழுங்கினார்கள். இதைத் தொடர்ந்து எழுதி வெளிக்கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர், நாடாவின் அதே மது சரீன். காடு வளர்ந்ததைச் செயற்கைக்கோள் படம் காட்டும். நடை நீண்டதை எந்தப் படமும் காட்டாது.

அண்மைக்கால ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் ஒடிசாவில் நடத்தி 2016-இல் வெளியிட்ட சமவாய்ப்புச் சோதனை. முதலாண்டில் புகை சற்றுக் குறைந்தது, பின்னர் அந்தப் பயன் மறைந்தது, உடல்நலத்தில் மாற்றமில்லை, வீட்டார் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவும் பராமரிக்கவும் இல்லை என்பது முடிவு. முறையியலில் குறைகாண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இதை மேம்பட்ட அடுப்பு என்ற கருத்தின் தோல்வியாக வகுப்பறைகளில் கற்பிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பயன்படுத்தாமை அங்கே விளைவாகப் பதிவாகிறது. அகர்வாலும் சரீனும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைத் தொடக்கக் கேள்வியாக வைத்திருந்தார்கள். பராமரிப்புக்கு நேரம் யாரிடம் இருக்கிறது, உடைந்தால் அழைக்க மிஸ்திரி இருக்கிறாரா என்று கேட்காத வடிவமைப்பு, அக்கேள்விகளின் விடையைத் தோல்வி என்ற பெயரில் திரும்பப் பெறுகிறது.

2016 மே 1 அன்று பலியாவில் தொடங்கிய உஜ்வாலா திட்டம் அடுப்பைத் திருத்தும் வழியைக் கைவிட்டு எரிபொருளையே மாற்றியது. இணைப்பு வீட்டின் வயதுவந்த பெண்ணின் பெயரில். இது உண்மையான முன்னேற்றம்; எரிவாயுவின் நீலத்தீக்கு ஈடாக எந்த மண்ணடுப்பையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் வழங்கப்பட்டன. ஆனால் தலைமைத் தணிக்கையாளரின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை, ஓராண்டு நிறைவுற்ற உஜ்வாலா பயனாளிகள் 2018 டிசம்பர் நிலவரப்படி ஆண்டுக்குச் சராசரியாக 3.21 உருளைகளே நிரப்பினர் என்கிறது. இணைப்பு அவள் பெயரில் வந்துவிட்டது. மறுநிரப்புக்கான பணம் அகர்வால் விவரித்த அதே வழியில்தான் வரவேண்டியிருக்கிறது. இலவச விறகின் அருகில் விலையுள்ள உருளை நிற்கும்போது, அவளுடைய நேரம் மீண்டும் சுழியமாகிறது.

இப்போது அடுப்புக்கு மற்றோர் அளவுகோலும் வந்துவிட்டது: கார்பன். விநியோகிக்கப்பட்ட ஒவ்வோர் அடுப்புக்கும் தவிர்க்கப்பட்ட உமிழ்வைக் கணக்கிட்டு, அதைச் சான்றாக்கித் தொலைதூர நிறுவனங்களுக்கு விற்கும் சந்தை உருவாகியிருக்கிறது. 2024-இல் 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி' இதழில் வந்த ஆய்வொன்று, தான் எடுத்துக்கொண்ட திட்டங்களில் இச்சான்றுகள் உண்மையான அளவைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருப்பதாகக் காட்டியது. மிகைக்கான காரணங்களில் முக்கியமானவை, மக்கள் புதிய அடுப்பை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள், பழையதை எவ்வளவு தொடர்கிறார்கள் என்பவற்றைப் பற்றிய தவறான கணிப்புகள். 1953-இல் கண்ணெரிச்சல், 1975-இல் மரம், இன்று கார்பன் என்று அடுப்புக்கு வந்த பொருள்மாற்றத்தைப் பின்தொடர்ந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் பிறருடைய தேவை எதுவோ அதுவே அடுப்பின் பயன் என எழுதப்பட்டிருப்பது புலனாகும்.

இத்துறையில் ஆய்வேடு எழுத எண்ணும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேசிய அடுப்புத் திட்டத்தின் தொழில்நுட்ப ஆதரவு மையங்கள் நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் இயங்கின. உங்கள் வளாகத்தில் அப்படியொன்று இருந்திருந்தால், அதன் சோதனைப் பதிவேடுகள் பழைய தாள் விலைக்குப் போவதற்கு முன் தேடிப் பாருங்கள். திறன் விழுக்காடு எல்லாத் தாளிலும் இருக்கும். சோதனையன்று விறகைப் பிளந்தவர் யார், தீயை மூட்டியவர் யார், அவர் அந்த ஆய்வகத்தின் ஊழியரா, அல்லது அருகிலிருந்து கூலிக்கு அழைத்துவரப்பட்ட பெண்ணா என்ற குறிப்பு எந்தத் தாளிலாவது தென்பட்டால், அந்தத் தாளை முதலில் படியெடுத்துக்கொள்ளுங்கள்.